அஞ்சலை வயலில் எங்கள் உடைசல்

பீங்கான் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் என்னைப் பார்த்தால் சூளையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்தச் சூட்டில் மேல்பூச்சான கிளேஸ் உருகும், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். அதை உங்கள் மிஷினே திரையில் காட்டிவிடுமே, அதற்கு நான் எதற்கு? விருத்தாசலத்தில் ஒரு சின்ன யூனிட்டில் பினிஷிங் செக்ஷனைப் பார்த்துக்கொண்டு தலை நரைத்தவள் நான். என்னிடம் கேட்க வேண்டியது உடைசலைப் பற்றி. குப்பைக் கதையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். சூளையை எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரிக்கிறோம். உடைந்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சிலிருந்து எடுத்து இன்னும் சுடாத பச்சைச் சாமான் உடைந்தால் கவலையே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும், அடுத்த அச்சுக்குப் போய்விடும். சூளைக்குள் போய்த் திரும்பிய பிறகு உடைந்தால் அதை எதிலும் கரைக்க முடியாது. மக்காது, எரியாது, துருப்பிடிக்காது. அதைத்தான் உடைசல் என்போம். எங்கள் யூனிட்டில் ஃபியூஸ் கட்டையும் மின்கம்பத்தில் மாட்டும் வெள்ளை இன்சுலேட்டரும் செய்தோம். ஒவ்வொரு முறை சூளையைத் திறக்கும்போதும் கூடை கூடையாக உடைசல் சேரும். அதைப் பின்பக்கம் காம்பவுண்டை ஒட்டிக் கொட்டி வைப்போம். வாரக் கடைசியில் டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று கேட்டால், 'ஊருக்கு வெளியே' என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அந்த 'ஊருக்கு வெளியே' என்பது கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் உள்ளே தள்ளி இருந்த ஓர் ஏரி. எங்கள் யூனிட் மட்டுமில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் அங்கேதான் கொட்டினார்கள். நமக்கு அது ஊருக்கு வெளியே. ஏரியைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அதுதான் ஊருக்கு நடு. இந்தச் சின்ன விஷயம் இத்தனை படித்தவர்கள் இருந்த இடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதெல்லாம் நடந்தது எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்த காலத்தில்.

புரட்டாசி மாதம். தீபாவளிக்கு முன்னால் சென்னை வியாபாரிக்கு ஒரு பெரிய லோடு போயாக வேண்டும். செக்ஷனில் பலகை பலகையாகப் பச்சைச் சாமான் காத்துக்கிடந்தது. காலையில் நான் பச்சைச் சாமானைத் துடைத்து வழவழப்பாக்கும் ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பக்கம் சடசடவென்று ஒரு சத்தம். சூளைக்குள் சாமான் ஏற்றிப் போகும் தள்ளுவண்டியிலிருந்துதான் எதுவோ சரிந்துவிட்டது என்று ஓடினேன்.

ஆபீஸ் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. கையில் காலி உரச்சாக்கு. முதலாளியின் மேசைக்கு முன்னால், மாதிரிச் சாமான்கள் வைத்த கண்ணாடி அலமாரியின் காலடியில், ஒரு சாக்கு உடைசல் கொட்டிக்கிடந்தது. சேறு பூசிய வெள்ளைத் துண்டுகள்.

"இது உங்க மாலுதான, பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் போன் போட்டுத் திட்டுவார். அதிகம் பேசாத மனுஷன், பேசினால் பாதி கோபமாக இருக்கும். சர்க்கரை வியாதி வேறு. ஒரு முறை காலில் சின்னக் காயம் பட்டு மாதக்கணக்கில் ஆறாமல் படுத்தி எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் வெறுங்காலோடு ஓரடி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பூஜை அறைக்குக்கூட அவருக்குத் தனியாக ஒரு துணிச் செருப்பு உண்டு. அவர் மனைவிக்கு அந்தக் கால்களைத் தவிர வேறு கவலையே கிடையாது.

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. புருஷன் திருப்பூரில் வேலை. இவள் அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பயிர் வைக்கிறாள். கோடையில் ஏரி வற்றியபோது ஊர்க்காரர்கள் எல்லாரும் வண்டல் அள்ளி வயலில் போட்டிருக்கிறார்கள். இவள் அள்ளிய இடம் எங்கள் டிராக்டர் கொட்டும் மூலைக்குப் பக்கம். வண்டலோடு உடைசலும் வயலுக்குப் போய்விட்டது. காய்ந்த மண்ணில் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் கட்டி, சேறடித்து, நடவுக்கு ஆள் இறக்கியபோதுதான் தெரிந்திருக்கிறது.

"நடவாளுவ எறங்குன ஒடனே ரெண்டு பேருக்குக் காலு கிழிஞ்சிடுச்சி. ஒருத்தி ஜி.ஹெச்சுல தையல் போட்டுக்கிட்டு வந்து படுத்துக் கெடக்குறா. எங்க வயல்ல எறங்க மாட்டேன்னுட்டாளுவ எல்லாரும். நாத்து முத்திக்கிட்டு வருது. இந்த வாரம் நடலன்னா அத மாட்டுக்குத்தான் போடணும். எனக்கு இருக்குறது அந்த ஒரு வயலுங்க."

அழவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மேசையில் எடுத்து வைப்பது போலச் சொன்னாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தீபாவளி நெருக்கத்தில் இது என்ன வம்பு என்று நினைத்தேன்.

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. பக்கத்து யூனிட்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதர், நல்ல பேச்சுக்காரர், எதையும் சிரித்துக்கொண்டே நழுவவிடத் தெரிந்தவர். முதலாளியை ஓரமாகக் கூட்டிப் போய், எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரியே ரகசியம் பேசினார்.

"சார், ஏதாச்சும் கையில குடுத்து அனுப்பிச்சுடுங்க. நம்ம மாலுன்னு மட்டும் ஒத்துக்காதீங்க. எல்லாருதும் கலந்து கெடக்குது, யாருதுன்னு யாரு சொல்ல முடியும்? இன்னிக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு ஏரிக்கர பூரா சாக்கு தூக்கிட்டு வரும்."

அஞ்சலை அங்கிருந்தே கேட்டாள்: "காசு குடுத்தா நாத்து தானா நட்டுக்குமா?"

முதலாளி தரையில் குனிந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சேற்றை வேட்டி நுனியில் துடைத்தார். எங்கள் தொழிலில் ஒவ்வொரு யூனிட்டும் சாமானின் அடியில் தன் முத்திரையைப் பச்சையாக இருக்கும்போதே அழுத்திவிடும். சுட்ட பிறகு அது அழியவே அழியாது. முத்திரை தெரிந்த துண்டுகளைப் பிரித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் பெரிய குவியல், இன்னொரு பக்கம் சின்னக் குவியல். பெரியது எங்களுடையது.

"யாருதுன்னு தெரியுதே" என்றார் பக்கத்து யூனிட்காரரிடம். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "வயல்ல தண்ணிய வடிச்சு வையிம்மா. நாளைக்குக் காலையில வரோம், பொறுக்கிக் குடுத்துடறோம்" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "சார், யாரு வரது? எல்லாம் பினிஷிங் ஆளுங்க. செக்ஷன மூடிட்டு வயலுக்குப் போனா சூளைக்கு என்னாத்த ஏத்துறது? தீபாவளி லோடு என்னா ஆவறது?"

"பச்ச காத்திருக்கும் ஸ்டெல்லா. நாத்து காத்திருக்காது."

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு செக்ஷனுக்குத் திரும்பினேன். பக்கத்து யூனிட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஒரு வேனில் நாங்கள் போய் இறங்கினோம். என் செக்ஷன் பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸிலும் வேப்பூர் பஸ்ஸிலும் வருகிறவர்கள், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். "வயக்காட்டு வேல வாணாம்னுதான கம்பெனிக்கு வந்தோம், இங்கயும் சேறா ஸ்டெல்லாக்கா?" என்று வழியெல்லாம் என் உயிரை எடுத்தார்கள். பழைய ரப்பர் செருப்பைக் கயிற்றால் காலோடு கட்டிக்கொண்டோம். கைக்கு, சாமானைக் கிளேஸில் முக்கும்போது போடும் ரப்பர் கையுறை. வரப்பிலிருந்து வரப்புக்கு ஒரே வரிசையாகக் குனிந்து, சேற்றைத் துழாவிக்கொண்டு நகர்ந்தோம்.

கொஞ்ச நேரத்திலேயே ஒருத்தி கையுறையைக் கழற்றி வரப்பில் எறிந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ரப்பர் மாட்டிக்கொண்டால் மண்ணாங்கட்டிக்கும் உடைசலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாமானில் அச்சு சேரும் கோட்டை விரல் நுனியால் தடவித் தடவியே பார்க்கப் பழகியவர்கள். வெறுங்கையால் துழாவ ஆரம்பித்ததும் துண்டுகள் வர ஆரம்பித்தன. விரலில் சின்னச் சின்னக் கீறல்கள் விழுந்தன. ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. அவர்களை எத்தனை முறை திட்டியிருப்பேன், அன்றைக்கு ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

முதல் நாள் முழுக்க அஞ்சலை வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்களை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடைகள் நிறைந்து வரப்புக்கு ஏறுவதைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் இன்னும் இருண்டது. இவ்வளவா என் வயலில் கிடந்தது என்று நினைத்திருப்பாள். இரண்டாவது நாள் ஒரு குடம் மோர் கரைத்துக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் வரிசையிலேயே வந்து குனிந்தாள். "இந்தக் கோடியில ரொம்பக் கெடக்கும், நான் அங்கதான் மொத வண்டியக் கொட்டுனேன்" என்று எனக்குக் காட்டினாள். மத்தியானத்துக்கு மேல் கூடையில் எதுவும் விழவில்லை. இன்னொரு முறை குறுக்குவாட்டில் போனோம். ஒன்றிரண்டுதான் வந்தது. அதற்கும் பிறகு போனபோது ஒன்றுமில்லை. முடிந்தது என்று நான் சொன்னேன்.

மூன்றாவது நாள் காலையில் நடவாட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி கொளஞ்சி என்கிற அம்மா. வெற்றிலைச் சிவப்பு வாய், கறுத்து ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும். காலில் தையல் போட்டுக்கொண்டு கிடந்தவள் அவளுடைய தங்கை மகள். நாற்று முடி முடியாக வரப்பில் வந்து இறங்கிவிட்டது. பறித்த நாற்றை இனித் திரும்ப நாற்றங்காலில் வைக்க முடியாது. முதலாளியும் வந்திருந்தார். என்ன ஆகிறது பார்ப்போம் என்று பக்கத்து யூனிட்காரரும் பைக்கில் வந்திருந்தார்.

கொளஞ்சி வயலைப் பார்த்தாள். எங்கள் கால்களில் கயிறு போட்டுக் கட்டிய செருப்புகளைப் பார்த்தாள்.

"பொறுக்கியாச்சுன்னு சொல்றது உங்க வாயி. எறங்குறது எங்க காலு. கம்பெனிக்காரங்க யாராச்சும் மொதல்ல வெறுங்காலோட எறங்கி ஒரு நட நடந்து காட்டுங்க. அப்பறம் நாங்க எறங்குறோம்."

நியாயம்தானே. நான் செருப்புக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் முதலாளி வரப்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"சார்! உங்களுக்குச் சுகர் இருக்குது!"

"சும்மா இரு."

"வீட்டுல அம்மாவுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடுவேன்."

"போடு. வரதுக்குள்ள நடந்து முடிச்சிடுவேன்."

கொளஞ்சிக்கே பதறிவிட்டது. "ஏங்க, சுகர்காரரு எறங்க வாணாங்க. நான் உங்களச் சொல்லல. வேற யாராச்சும் எறங்கட்டும்."

"முத்திர என்னுதும்மா" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் அந்த ஆளிடம் அத்தனை வருடம் வேலை பார்த்தும் அவருடைய கால்களைப் பார்த்தது அன்றுதான். வெயிலே படாத வெள்ளைக் கால்கள். சேற்றில் கணுக்கால் வரை புதைந்து, ஒவ்வோர் அடியையும் முழுசாக ஊன்றி நடந்தார். மேலோட்டமாக வைத்து எடுத்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர் அழுத்தி அழுத்தி வைத்தார். மாதாவே, இந்த மனுஷனைக் கரை ஏற்றிவிடு என்று வேண்டிக்கொண்டேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார். திரும்பினார். பாதிக்கு மேல் வந்துவிட்டார். பக்கத்து யூனிட்காரர் கைதட்டுவதற்குத் தயாராகக் கையைக்கூடத் தூக்கிவிட்டார்.

அப்போது முதலாளி நின்றார்.

களைத்துவிட்டார் என்று நினைத்தேன். அசையாமல் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, முழங்கை வரை கையை விட்டு, எதையோ பிடுங்கி எடுத்தார். கலங்கிய தண்ணீரில் அலசினார். எல்லாருக்கும் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இன்சுலேட்டரின் பாதி. ஒரு பக்கம் கத்தி மாதிரி இருந்தது. நல்ல வேளை, மழுங்கிய பக்கம்தான் அவர் பாதத்தில் தட்டுப்பட்டிருந்தது.

"ஒண்ணு விட்டுட்டோம்மா" என்றார். "ஒண்ணு இருந்தா இன்னும் இருக்கும். இன்னிக்கு எறங்காதீங்க."

"போச்சு" என்றார் பக்கத்து யூனிட்காரர்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மனுஷனே, காலால் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அது அடிமண்ணுக்குள் போயிருக்கும், நாலு எட்டில் கரை ஏறியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காதே என்று மனசுக்குள் கத்தினேன். அஞ்சலை நாற்று முடிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக அழாதவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவளுடைய அந்த வருடத்துச் சோறு வரப்பில் வெயிலில் கிடந்தது.

கொளஞ்சி கையை நீட்டினாள். "அத இங்க குடுங்க."

வாங்கிப் பார்த்தாள். கட்டை விரலால் முனையைத் தடவினாள். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள்.

"எறங்குங்கடி."

அவள் ஆட்களில் ஒருத்தி கத்தினாள்: "அதான் இன்னும் இருக்குதுன்னு அவரே சொல்றாரே!"

"அதனாலதான்டி எறங்கச் சொல்றேன். இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்றாரு. அந்த ஆளு நாளைக்கு இல்லன்னு சொன்னா நம்பலாம். எல்லாரும் வரிசையா நில்லுங்க. கால மெதுவா வுட்டுத் தடவிப் பாத்து வையிங்க, கெடச்சா கரைக்கு வீசுங்க. ஏ கம்பெனிப் பொண்ணுவளா, செருப்ப அவுத்துப் போட்டுட்டு நீங்களும் வாங்க. செருப்புக் காலுக்கு என்னா தெரியும்?"

நாங்களும் செருப்பை அவிழ்த்தோம். அவர்களும் நாங்களும் கையைக் கோத்துக்கொண்டு, ஒரு பாத அளவு இடம்கூட விடாமல் அந்த அரை ஏக்கரையும் மிதித்தோம். முதலாளி கரை ஏற மறுத்துவிட்டார். கடைசியில் அஞ்சலைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஏற்றி, குடத்துத் தண்ணீரை ஊற்றி, இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டாள். வயலில் இன்னும் சில துண்டுகள் கிடைத்தன. வெயில் தாழ்வதற்குள் நடவு முடிந்தது. என் பெண்களில் நடத் தெரிந்தவர்களும் சேர்ந்து நட்டார்கள். அவர்கள் நட்ட வரிசையைப் பார்த்துக் கொளஞ்சி ஓயாமல் கேலி செய்தாள்.

திரும்பி வரும்போது வேனில் முதலாளியைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். சம்பளம் கொடுக்கிறவர் என்றும் பார்க்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மிதிச்சு உள்ள அழுத்திடலாமான்னுதான் எனக்கும் மொதல்ல தோணிச்சு ஸ்டெல்லா. அதான் அப்படியே நின்னுட்டேன்."

பிள்ளைகளே, நெருக்கடியில் சரியானதைச் செய்கிறவருக்குத் தப்பானது தோன்றவே தோன்றாது என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கும் தோன்றும். அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தெரிய வேண்டும். நான் அவரிடம் கற்றுக்கொண்டது முக்கியமாக இதைத்தான். சூளை நுணுக்கமெல்லாம் எனக்கே அவரைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த நாள் அவர் சொன்ன முதல் வேலை, உடைசலை இனிமேல் பின்பக்கம் கொட்டக் கூடாது, முன்வாசல் கேட்டுக்கு உள்ளே எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் கொட்ட வேண்டும், டிராக்டர் இனி வராது என்பது. நான் விடவில்லை. வியாபாரிகள் வந்து போகிற இடம், கல்யாண வீட்டு வாசலில் எச்சில் இலையைப் போடுவது போல இருக்கிறது என்று சண்டை போட்டேன். "எனக்கும் அசிங்கமாத்தான் இருக்குது. இருக்கட்டும்" என்றார்.

அசிங்கம் நன்றாக வேலை செய்தது. காலையில் கேட்டைத் திறந்ததும் குவியல். சாப்பாட்டு நேரத்தில் குவியல். ஒரு நாள் என் செக்ஷன் பெண் ஒருத்தி அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நான் ஒட்டுப் போட்டதாச்சே" என்றாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் ஊரில் இது ஒரு பழக்கம். பச்சைச் சாமானில் மயிரிழை விரிசல் கண்டால், அச்சில் மண்குழம்பை ஊற்றி எடுத்தவர் எதிரிலேயே அதை உடைத்துப் போட மனசு வராது. அவர் பாடுபட்டதாயிற்றே என்று ஈர மண்ணைத் தொட்டு விரிசலைப் பூசி, மேலே ஸ்பாஞ்சு போட்டுவிடுவோம். பார்க்க முழுசாக இருக்கும். சூளைச் சூட்டில் அந்த ஒட்டு வாயைப் பிளந்துகொள்ளும். கரைத்திருந்தால் மண்ணாகியிருக்க வேண்டியதை, பிரியத்தால் சுட்டு உடைசலாக்கிக்கொண்டிருந்தோம். குவியலில் பாதி எங்கள் இரக்கம்தான்.

அன்றிலிருந்து பச்சைச் சாமானில் மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தோம், விரிசல் இருந்தால் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். தெரிந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகத் தொட்டிக்கு அனுப்பினோம். அச்சு ஊற்றுகிறவர்கள் சில நாள் என்னோடு பேசவில்லை. ஒருவர், கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் சாமிக்குப் புகார்ச் சீட்டு எழுதிப் பிராது கட்டப் போவதாகக்கூடச் சொன்னார். கட்டுங்க, சாமி வந்து சூளையப் பாக்கட்டும் என்றேன். குவியல் மெல்லக் குறைந்தது. சேர்ந்ததை அரைத்து, சூளைக்குள் சாமான் அடுக்கும் தட்டு செய்கிற மண்ணில் கலந்தோம். அரைக்க முடியாததைப் புதிய ஷெட்டின் தளத்துக்கு அடியில் போட்டுக் கான்கிரீட் ஊற்றினோம்.

அடுத்த கோடையில் ஏரி காய்ந்ததும், நாங்கள் கொட்டிய மூலையை நாங்களே போய்த் தோண்டி அள்ளிக்கொண்டு வந்தோம். பக்கத்து யூனிட்காரரும் ஒரு டிராக்டர் அனுப்பினார், சிரித்துக்கொண்டேதான். எல்லா யூனிட்டும் வரவில்லை. கடைசி வரைக்கும் வராதவர்கள் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அஞ்சலை அந்த வருடமும் வண்டல் அள்ளினாள். இந்த முறை அந்தச் சுத்தம் செய்த மூலையிலிருந்தே அள்ளினாள். வேறு இடமே கிடைக்கவில்லையா இவளுக்கு என்று நினைத்தேன்.

மறுபடி புரட்டாசி வந்தது. அஞ்சலை வயலில் நடவு என்று கேள்விப்பட்டதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு உடம்பு சரியில்லை, வெளியே போகக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. "பொண்ணுவளக் கூட்டிக்கிட்டுப் போ. மொதல்ல நம்ம ஆளுங்க நடந்து பாக்கட்டும்" என்றார். நான் ஒரு வேன் ஆட்களோடும் கூடைகளோடும் கிளம்பினேன். வழியில் டயர் பஞ்சர் ஆகி நேரமாகிவிட்டது.

போய் இறங்கினால், யாரும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. வயலில் பாதிக்கு மேல் பச்சை வரிசை ஏறிவிட்டது. கொளஞ்சியும் அவள் ஆட்களும் குனிந்து, பேசிச் சிரித்துக்கொண்டு, பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். போன வருடம் தையல் போட்டுக்கொண்ட தங்கை மகளும் அந்த வரிசையில் இருந்தாள். என் கையில் இருந்த கூடையைப் பார்த்துக் கொளஞ்சி குரல் கொடுத்தாள்.

"என்னா ஸ்டெல்லாக்கா, பொறுக்க வந்தியா? இங்க ஒண்ணும் இல்ல. சும்மா நிக்காம அந்த நாத்து முடிய எடுத்துக் குடு."

சாயங்காலம் முதலாளி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போகும் முன்பே இறங்கிவிட்டார்கள் என்று சொன்னேன். யாருக்காவது காலில் பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். தையல் போட்ட அந்தப் பொண்ணும் இறங்கினாளா என்று கேட்டார். இறங்கினாள் என்றேன். மறுபடி கேட்டார்.

"செருப்பு கிருப்பு எதுவும் கட்டிக்கலையா?"

"இல்ல சார். வெறுங்காலுதான்."